அயர்லாந்தில் முதல் தடவை கார்ப் பயணம்: 9 இரவில் தீவையே சுற்றி வர முடியுமா?

நொய்யல்கரை:
எல்லோருக்கும் வணக்கம். மே கடைசி வாரம் குடும்பத்தோடு அயர்லாந்து போகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், அம்மா. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். டப்ளினில் இறங்கி டப்ளினிலேயே விமானம் ஏறுகிறோம். நடுவில் 9 இரவுகள்.

வரைபடத்தைப் பார்த்து இப்படி ஒரு சுற்று போட்டிருக்கிறேன். டப்ளின், அங்கிருந்து வடக்கே பெல்ஃபாஸ்ட் வழியாக ஜயன்ட்ஸ் காஸ்வே, பிறகு டோனகால், கால்வே, மோஹர் பாறைகள், டிங்கிள், ரிங் ஆஃப் கெர்ரி என்னும் வளையச் சாலை, கார்க், மறுபடி டப்ளின். ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் ஒரு இரவு. மொத்தம் 1,500 கி.மீ. வருகிறது, அதாவது நாளுக்கு 170 கி.மீ. கூட இல்லை. சென்னைக்கும் கோவைக்கும் ஒரே நாளில் 500 கி.மீ. ஓட்டிப் பழகியவன் என்பதால் தூரம் பெரிதாகத் தெரியவில்லை. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

இந்தத் திட்டம் சரி வருமா? கார் எடுப்பதில் எதைக் கவனிக்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டப்ளின்வாசி:
வாங்க. மே கடைசி நல்ல தேர்வு. மேற்குக் கரையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், ஜூலை, ஆகஸ்ட் கூட்டமும் இருக்காது. ஜூன் முதல் திங்கள் மட்டும் இங்கே பொது விடுமுறை. அதை ஒட்டிய சனி, ஞாயிறுக்குத் தங்கும் இடத்தை இப்போதே பிடித்துவிடுங்கள்.

திட்டத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். இதில் தீவைச் சுற்றுவீர்கள், தீவைப் பார்க்க மாட்டீர்கள். இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடக் கூடாது, மணியில் போட வேண்டும். எம் என்று தொடங்கும் நெடுஞ்சாலைகளில் 120 கி.மீ. வேகம் போகலாம். டப்ளினிலிருந்து கால்வே 200 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல், இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நீங்கள் பார்க்க வரும் இடங்கள் ஒன்றும் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இல்லை. ஆர், எல் என்று எண்ணிட்ட சின்னச் சாலைகளில்தான் இருக்கின்றன. பல இடங்களில் ஒரு பக்கம் கல்சுவர், மறுபக்கம் முள்வேலி, நடுவே ஒன்றரை வண்டி அகலம். எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் பின்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து எல் வகைச் சாலைகளின் வேக வரம்பையும் 80-லிருந்து 60 கி.மீ.க்குக் குறைத்துவிட்டார்கள். வளைவுகளில் அந்த 60-கூட அதிகம்தான்.

செல்பேசி வரைபடம் சொல்லும் நேரத்தோடு மேற்குக் கரையில் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஓட்டும் நேரம் மட்டும். அழகான திருப்பத்தில் நிறுத்தாமல் உங்கள் மகளும் விடமாட்டாள், அம்மாவும் விடமாட்டார்.

ஒவ்வொரு இரவும் ஊர் மாறினால் காலையில் பெட்டி கட்டுவதும் மாலையில் இறக்குவதுமாகப் பாதி நாள் போய்விடும். என் கருத்தில் 9 இரவுக்கு மூன்று அல்லது நான்கு தங்குமிடம் போதும். வடக்கை விட்டுவிடுங்கள். தெற்கையும் மேற்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை:
வடக்கை விடுங்கள் என்று சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எல்லோரும் கெர்ரிக்கே போவதால்தான் கெர்ரியில் பேருந்து வரிசை. டோனகாலின் ஸ்லீவ் லீக் கடற்பாறை 601 மீட்டர் உயரம். மோஹர் பாறைகளோ உச்சத்தில் 214 மீட்டர்தான். ஆனால் ஸ்லீவ் லீகில் கூட்டமே இருக்காது. ஜயன்ட்ஸ் காஸ்வேயில் சுமார் 40,000 பசால்ட் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம். எரிமலைக் குழம்பு ஆறி விரிசல் விட்டதால் உண்டானவை. 11 வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி ஏறி விளையாடும் இடம் அது.

டப்ளின்வாசி:
மலைப்பாதை, டோனகால் எனக்கும் மிகவும் பிடித்த பகுதி. அங்கே போவதென்றால் அதற்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கிப் போக வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. காஸ்வேயிலிருந்து டோனகால், அங்கிருந்து கால்வே என்று இரண்டு நாள் முழுக்க வண்டியிலேயே கழித்தால் டோனகாலில் அவர் பார்க்கப்போவது சாலையும் தங்கும் அறையும் மட்டுமே.

ஆவணப்பெட்டி:
தூரத்தைப் பேசும் முன் விசாவைப் பேசுங்கள். பெல்ஃபாஸ்டும் காஸ்வேயும் வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். டப்ளின் இருப்பது அயர்லாந்துக் குடியரசு. பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா தரும் ஷெங்கனிலும் இது சேராது. இந்தியக் கடவுச்சீட்டுக்குக் குடியரசு விசா தனி, பிரிட்டன் விசா தனி.

சாலையில் எல்லைச் சாவடி எதுவும் கிடையாது. கி.மீ.யில் இருந்த வேகப் பலகை மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும். யாரும் நிறுத்தவில்லை என்பதற்காக விசா இல்லாமல் போவது சட்டப்படி சரி ஆகாது. நாளைக்கு ஒரு விபத்து, மருத்துவமனை என்றால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

நல்ல செய்தி, இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் பிரிட்டிஷ்–ஐரிஷ் விசாத் திட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்து, விசாவில் 'பிஐவிஎஸ்' என்று குறிப்பு விழுந்திருந்தால் அந்த ஒரே விசாவில் இரண்டு பக்கமும் போகலாம். அயர்லாந்து கொடுத்த விசா என்றால் முதலில் அயர்லாந்தில்தான் இறங்க வேண்டும். கைக்கு வந்ததும் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று நான்கு பேருடைய கடவுச்சீட்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வடக்கே போவதென்றால் கார் நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிலர் எல்லை தாண்டக் கட்டணம் கேட்பார்கள். சொல்லாமல் போனால் காப்பீடு நிற்காது.

நொய்யல்கரை:
ஆவணப்பெட்டி சார், மிக்க நன்றி. விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். டப்ளின்வாசி சொல்வதைக் கேட்டபின் வடக்கை இந்தத் தடவை விடலாம் என்றே தோன்றுகிறது. கார் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன். பெட்டிகள் நிறைய இருப்பதால் ஏழு இருக்கை வண்டி எடுக்கலாமா?

சாரல்:
ஏழு இருக்கை வேண்டவே வேண்டாம் அண்ணா. நானும் மாமனார், மாமியாரோடு போய் வந்தவள் என்பதால் சொல்கிறேன். டிங்கிள் தீபகற்பத்தில் கானர் கணவாய் என்று ஒரு மலைச்சாலை. ஒரு பக்கம் பாறை நீட்டிக்கொண்டு நிற்கும், மறுபக்கம் பள்ளம். அகலமான, கனமான வண்டிகளுக்கு அங்கே தடையே உண்டு. பெரிய வண்டியோடு போனால் பயந்து பயந்து ஓட்டி, நீங்கள் ஒருவர் மட்டும் எதையும் பார்க்காமல் திரும்புவீர்கள். நான்கு பேருக்கு நடுத்தர எஸ்டேட் கார், அதாவது டிக்கி நீண்ட வண்டி எடுங்கள். பெட்டியை ஆளுக்கு ஒன்றாகக் குறையுங்கள், முடிந்தால் துணிப்பையாக எடுத்துப் போங்கள். அது டிக்கியில் எப்படியும் அடங்கும்.

ஆட்டோமேட்டிக் வண்டி அங்கே குறைவு, வாடகையும் கூடுதல். வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். கியர் பழக்கம் உள்ளவர் என்றால் மேனுவலே போதும். நம் ஊர் போலவே இடக்கையால் கியர் போடுவதுதான். அமெரிக்காவிலிருந்து வருபவர்களுக்கு இருக்கும் பெரிய கஷ்டம் நமக்கு இல்லை.

ஆவணப்பெட்டி:
கார் விஷயத்தில் பணம் போவது காப்பீட்டில்தான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வாடகையில் அடிப்படைக் காப்பீடு சேர்ந்தே இருக்கும். ஆனால் வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் முதல் ஆயிரம், இரண்டாயிரம் யூரோ வரை உங்கள் தலையில்தான். அதற்கு 'எக்ஸஸ்' என்று பெயர். அந்தத் தொகையை வண்டி எடுக்கும்போதே உங்கள் கிரெடிட் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். கார்டு ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும், அதில் அவ்வளவு வரம்பும் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் டெபிட் கார்டையும் முன்பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டையும் வாங்குவதில்லை. அப்படிக் கவுண்டரில் நின்று தவித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கிளம்பும் முன் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பையும் உயர்த்தி வையுங்கள்.

எக்ஸஸை முழுவதும் நீக்கும் காப்பீட்டை அவர்களிடமே வாங்கலாம். நாளுக்கு இவ்வளவு என்று கூடுதல் ஆகும். முதல் தடவை, கல்சுவர்ச் சாலை, வயதானவர் கூட வருகிறார் என்றால் வாங்குங்கள் என்பதே என் கருத்து. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் இவை அதில் அடங்குமா என்று எழுத்தில் பாருங்கள். அந்தச் சாலைகளில் அடிபடுவது இடப்பக்க டயரும் இடப்பக்கக் கண்ணாடியும்தான். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் வாடகைக்கார்க் காப்பீடுகளில் அயர்லாந்தை விலக்கி வைத்திருப்பதும் உண்டு. நம்பி இறங்காதீர்கள்.

உரிமம்: செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு அங்கே ஓட்டலாம். இருந்தாலும் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக் கையில் வையுங்கள், சில நிறுவனங்கள் கேட்கும். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளையும் வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் எடுங்கள்.

டப்ளின்வாசி:
இதோடு சில சேர்த்துக்கொள்கிறேன். பெட்ரோல் குழாய் பச்சை, டீசல் குழாய் கறுப்பு. வாடகை வண்டியில் மாற்றி ஊற்றினால் செலவு முழுக்க உங்களுடையது.

டப்ளினைச் சுற்றும் எம்50-இல் சுங்கச் சாவடியே இல்லை. கேமரா வண்டியின் எண்ணைப் படம் பிடிக்கும். சுங்கத்தை மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்ட வேண்டும். வாடகை நிறுவனமே கட்டிவிட்டு உங்களிடம் வாங்குமா, நீங்களே கட்ட வேண்டுமா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள். மற்ற நெடுஞ்சாலைகளில் வழக்கமான சாவடி உண்டு.

ரவுண்டானாவில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு வழி விட்டே ஆக வேண்டும். நம் ஊரில் முந்துபவருக்கே வழி, இங்கே அப்படி இல்லை. ஹாரன் கிட்டத்தட்டப் பயன்படுத்தவே மாட்டார்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி விடுங்கள். முந்திப் போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார், அது நன்றி. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மகளுக்கு 150 செ.மீ. உயரமும் 36 கிலோ எடையும் இன்னும் வரவில்லை என்றால் உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை சட்டப்படி கட்டாயம். பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, டப்ளினில் இருக்கும் நாட்களுக்குக் கார் எடுக்காதீர்கள். நிறுத்தும் கட்டணமும் ஒருவழிப் பாதைகளும் சேர்ந்து சோர வைத்துவிடும். நீண்ட விமானப் பயணம் முடிந்த கையோடு புது நாட்டில் ஓட்டுவதும் ஆபத்து. நகரத்தில் இரண்டு இரவு நன்றாகத் தூங்கி, லுவாஸ் டிராமிலும் நடந்தும் சுற்றிவிட்டு, கிளம்பும் அன்று காலை வண்டி எடுங்கள்.

கடல்வழி:
கெர்ரியிலிருந்து மோஹர் பாறைகள் இருக்கும் கிளேருக்குப் போகும்போது லிமெரிக் சுற்றிப் போகாதீர்கள். டார்பர்ட்டிலிருந்து கில்லிமருக்கு ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தைக் கடக்கும் கார்ப் படகு உண்டு. 20 நிமிடம். 137 கி.மீ. மிச்சம். முன்பதிவு இல்லாமலே போய் வரிசையில் நிற்கலாம். மகளுக்கும் பிடிக்கும்.

நொய்யல்கரை:
அருமை. அப்புறம் பெரிய கேள்வி ஒன்று. ரிங் ஆஃப் கெர்ரியா, டிங்கிளா? இரண்டையும் பார்க்க எங்கே தங்குவது?

சாரல்:
டிங்கிள். யோசிக்கவே வேண்டாம்.

ரிங் ஆஃப் கெர்ரி 179 கி.மீ. நாள் முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். முழங்கால் வலி இருப்பவருக்கு அதுவே தண்டனை. டிங்கிளின் ஸ்லே ஹெட் சாலையோ மொத்தமே 50 கி.மீ.க்குள். மெதுவாகப் போனால் அரை நாள். கூமனூல் கடற்கரை, டன்குவினில் பாம்பு போல் வளைந்து கீழே இறங்கும் படகுத்துறைப் பாதை, எதிரே ஆள் வாழாத பிளாஸ்கட் தீவுகள். கல்லாரஸ் என்று ஒரு சின்னக் கல் தொழுகைக்கூடம், சுண்ணாம்பு, சாந்து எதுவும் இல்லாமல் கல்லை அடுக்கியே கட்டியது, இத்தனை நூற்றாண்டு மழைக்கு அசையவில்லை. மாமியார் அதன் உள்ளே போய் நின்று வெளியே வரவே மனமில்லாமல் இருந்தார். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் நடை.

கடிகாரம் சுற்றும் திசையில் போங்கள். பேருந்துகளும் அப்படித்தான் போகும், எதிரே வந்து முட்டாது. அந்தப் பக்கத்தில் பலகைகள் ஐரிஷ் மொழியில் மட்டும் இருக்கும். டிங்கிள் 'அன் டாங்கன்' என்று எழுதியிருக்கும், குழம்பாதீர்கள்.

மலைப்பாதை:
கெர்ரி பற்றி இது நியாயம் இல்லை. வளையம் முழுவதும் போக வேண்டும் என்று யார் சொன்னது? கில்லார்னியிலிருந்து லேடீஸ் வியூ, மால்ஸ் கேப் வரை போய்த் திரும்பினாலே அதன் மிக அழகான மலைப்பகுதியைப் பார்த்துவிடலாம், அரை நாள் போதும். மக்ராஸ் மாளிகை பக்கம் குதிரை வண்டி கிடைக்கும், அம்மா நடக்கவே வேண்டாம். முழு வளையமும் போவதென்றால் காலை எட்டரைக்குள் கிளம்பிவிட வேண்டும். பேருந்துகள் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் போகும். அவற்றுக்கு முன்னாலேயே அதே திசையில் போய்விடுவது நல்லது.

டப்ளின்வாசி:
திசை விஷயத்தில் இங்கேயே இரண்டு கட்சி உண்டு. பேருந்துக்குப் பின்னால் மாட்டாமல் இருக்க அவை வருவதற்கு எதிராக, கடிகாரத் திசையில் போகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குறுகிய வளைவில் ஒரு பெரிய பேருந்தை எதிர்கொள்வது புதியவருக்கு நல்லதல்ல. மலைப்பாதை சொல்வதே சரி, சீக்கிரம் கிளம்புங்கள். லேடீஸ் வியூ யோசனையும் எனக்குப் பிடித்திருக்கிறது.

தங்குவது கில்லார்னியில் மூன்று இரவு. டிங்கிள் ஒன்றேகால் மணி நேரம், ஒரு நாள் போய் வரலாம்.

சாரல்:
டிங்கிளிலேயே தங்கினால்தான் மாலையில் பேருந்துக் கூட்டம் கலைந்த பிறகு துறைமுகத்தில் நடக்க முடியும், இரவு பப்பில் பாட்டுக் கேட்க முடியும். கில்லார்னியில் ஒரு இரவு, டிங்கிளில் இரண்டு என்று வையுங்கள் அண்ணா.

நொய்யல்கரை:
ஸ்கெல்லிக் மைக்கேல் தீவு எப்படி? மகள் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்.

மலைப்பாதை:
படகில் போய், கைப்பிடியே இல்லாத 618 கல்படி ஏற வேண்டும். துறவிகள் தங்கிய கல் குடில்கள் உச்சியில் இருக்கின்றன. அம்மாவால் முடியாது. ஒரு நாளைக்குக் குறைந்த பேரைத்தான் இறக்குவார்கள், பல மாதம் முன்பே இடம் தீர்ந்துவிடும், கடல் சீறினால் அன்றைய பயணம் ரத்து. இறங்காமல் தீவைச் சுற்றி வரும் படகும் உண்டு. ஆனால் அது கெர்ரியின் மேற்கு ஓரத்துப் போர்ட்மாகியிலிருந்து. உங்கள் நாட்களில் அதை நுழைத்தால் வேறு ஏதாவது கெடும்.

டப்ளின்வாசி:
கிளேர் பகுதியில் மோஹர் பாறைகளுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். பாறைகள் மேற்கே கடலைப் பார்த்து நிற்பவை. மாலையில்தான் வெயில் நேராக முகத்தில் விழும், பேருந்துகளும் கிளம்பியிருக்கும். நுழைவுச்சீட்டை இணையத்திலேயே எடுங்கள். தளம் போட்ட பாதை இருப்பதால் அம்மாவும் கொஞ்ச தூரம் வரலாம். விளிம்பு ஓர மண்பாதையில் மகளின் கையை விடாதீர்கள். காற்று திடீரென்று தள்ளும்.

பாறைகளைப் பார்த்த கையோடு கால்வேக்கு ஓடாதீர்கள். பக்கத்தில் பர்ரன் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைத்தளம், அதன் வெடிப்புகளில் மே மாதம் நீல ஜென்ஷியன் பூக்கும். ஆல்ப்ஸ் மலைச் செடியும் மத்தியதரைக்கடல் செடியும் பக்கம் பக்கமாக வளரும் இடம். போல்னாப்ரோன் என்ற கல்திட்டை அங்கேதான், ஐயாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. டூலினிலிருந்து ஃபனோர், பிளாக் ஹெட் வழியாகப் பாலிவான் போகும் கடலோரச் சாலை, என்னைக் கேட்டால் பெயர்பெற்ற வளையங்களுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

நொய்யல்கரை:
சாப்பாடு? அம்மா முட்டையும் சாப்பிட மாட்டார்.

சாரல்:
கஷ்டம் இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பப்பில் காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் எங்கும் கிடைக்கும். சூப்பைக் கோழிச் சாற்றில் செய்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சின்ன ஊர்களில் சமையலறையை ஒன்பது மணிக்குள் மூடிவிடுவார்கள். வெளியே வெளிச்சமாக இருக்கிறதே என்று சுற்றிக்கொண்டிருந்தால் பட்டினிதான். சமையலறை உள்ள வீடு எடுத்தால் அம்மாவுக்கு ரசம் சாதம் கிடைத்துவிடும். அரிசி, பருப்பு டப்ளின் மூர் தெருப் பக்கத்து ஆசியக் கடைகளில் வாங்கலாம். ரசப்பொடி கொண்டு போங்கள். நெய், தயிர், பன்னீர் எதுவும் ஊரிலிருந்து எடுக்காதீர்கள், பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை.

நொய்யல்கரை:
எல்லாவற்றையும் வைத்து மனைவியும் நானும் மறுபடி உட்கார்ந்து எழுதினோம்.

டப்ளின் 2 இரவு, கார் இல்லாமல். மூன்றாம் நாள் காலை வண்டி எடுத்து, கேஷல் பாறைக் கோட்டையில் இறங்கிப் பார்த்துவிட்டுக் கில்லார்னி, 2 இரவு. டிங்கிள் 2 இரவு. டார்பர்ட் படகில் கடந்து டூலின் பக்கம் சமையலறை வீடு, 2 இரவு. கடைசி இரவு டப்ளினுக்கு வடக்கே பாயின் பள்ளத்தாக்கில். அங்குள்ள நியூகிரேஞ்ச் கல்லறை மேடு பிரமிடுகளை விடப் பழையது என்று மகள் பள்ளியில் படித்திருக்கிறாள், அதை அவள் பார்க்க வேண்டும். கால்வேக்கு மேற்கே உள்ள கானமாரா போகவில்லை, மனசு கேட்கவில்லை, ஆனாலும் விடுகிறோம்.

டப்ளின்வாசி:
நன்றாக இருக்கிறது. நியூகிரேஞ்சுக்கு மட்டும் இன்றே பதிவு செய்யுங்கள். பார்வையாளர் மையத்திலிருந்து அவர்கள் பேருந்தில்தான் அழைத்துப் போவார்கள், உள்ளே போகும் சுரங்கப்பாதை குறுகல். அம்மா குனிந்து நடக்க முடியாது என்றால் வெளியே இருந்து பார்க்கலாம். கேஷலும் நியூகிரேஞ்சும் அரசின் பாரம்பரியச் சின்னங்கள், ஹெரிடேஜ் கார்டு என்ற நுழைவு அட்டை இரண்டுக்கும் செல்லும். மோஹருக்குச் செல்லாது. கூட்டிப் பார்த்து லாபம் என்றால் மட்டும் வாங்குங்கள்.

டூலினிலிருந்து பாயின் போகும் நாள் நீளமானது, மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அன்று காலை வேறு எதுவும் வைக்காமல், நடுவில் அத்லோனில் சாப்பிட நிறுத்துங்கள்.

மலைப்பாதை:
அடுத்த தடவை டோனகால். விசாவில் அந்தக் குறிப்போடு வாருங்கள், முழுத் திட்டமும் நானே போட்டுத் தருகிறேன்.

ஆவணப்பெட்டி:
வண்டியை விமான நிலையத்தில் திருப்பும் முன் டேங்க்கை நிரப்பி, ரசீதைக் கையில் வைத்திருங்கள். நிறுத்தி வைத்த தொகை கார்டுக்குத் திரும்பி வரும் வரை எல்லாக் காகிதமும் பத்திரம்.